கோட்டின் கீழ்மடிப்பு

அன்றைக்கு என் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் சம்சாரம், தங்கச் சுரங்க மில்லில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி, அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள். மூலையில் கூடைக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதையும் சேர்க்கச் சொன்னால் ஐந்து. யாராவது வந்து விசாரித்தால் தடுமாறக்கூடாது என்று இந்தக் கணக்கை அன்று மாலையே மனப்பாடம் செய்துவிட்டேன். யாரும் வந்து விசாரிக்கவில்லை. மனப்பாடம் செய்தது வீணாகப் போக மனசு வராமல், இத்தனை வருஷம் கழித்து நானாகவே சொல்கிறேன்.

நடுவில் பலகைமேல் ஒரு கோட்டு கிடந்தது. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். பெருக்கல் வாய்ப்பாடு வந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அப்புறம் குடியாத்தத்தில் ஒருவரிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, எல்லாரும் போகிறார்களே என்று தங்கவயலுக்கு வந்து, மைசூர் மைன்ஸ் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைனுக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டி கட்டிக் கடை வைத்தேன். இடம் கம்பெனியுடையது. வாடகை கிடையாது. ஆனால் ஒருவன்மேல் தங்கம் திருடினான் என்று சந்தேகம் வந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அவன் தட்டியைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். ஆளை ஜெயிலுக்கு அனுப்புவது அதற்கு அப்புறம். அப்படி இரண்டு வீடுகள் போனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வாடகை கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதனால் என் தையலே ஒரு மாதிரியான தையல். ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவனைத் தடவித் தடவிச் சோதிப்பார்கள். சட்டையில் பை இருந்தால் பையைப் பிதுக்குவார்கள். இரட்டைத் துணியாக இருந்தால் கத்தியால் கீறிப் பார்ப்பார்கள். கீறின சட்டையோடு வருகிறவன் கம்பெனியிடம் போகமாட்டான், என்னிடம் வந்துதான் கத்துவான். ஆகவே நான் தைத்த சட்டைகளில் பை கிடையாது, உள்துணி கிடையாது, ஓரத்தில் ஒரு விரல்கூட வராத ஒற்றை மடிப்பு. வேறு ஊர்த் தையற்காரர்கள் பார்த்தால் துணி திருடுகிறான் என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் யோக்கியம்.

இந்த யோக்கியத்தைத் தேடிக்கொண்டுதான் அந்த மேஸ்திரி வந்தார். சுரங்கத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். கையில் ஒரு கறுப்புக் கோட்டை, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அந்தக் கோட்டை லைனில் எல்லாருக்கும் தெரியும். சுரங்கத்தை மேற்பார்த்த வெள்ளைக்காரர் கேப்டன் துரை. அவர் காய்ச்சலில் இறந்துபோனதும் அவருடைய சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலிக்கும் விளக்குக்கும் போட்டி இருந்தது. கோட்டு வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. துரையுடைய அப்பா காலத்துக் கோட்டு. இடுப்புவரை இறுக்கமாகவும் அதற்குக் கீழே முழங்கால் தாண்டிப் பாவாடை மாதிரி விரிந்தும் இருக்கும் பழைய மாதிரி. இப்போது எந்தத் துரையும் அப்படிப் போடுவதில்லை. மேஸ்திரி மட்டும் அதைத் தூக்கிப் பார்த்தார், இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார், பதினோரு ரூபாய்க்கு எடுத்தார். பூச்சி அரித்த துணிக்குப் பதினோரு ரூபாயா என்று அன்றைக்குச் சாராயக் கடையில் நல்ல சிரிப்பு.

"யோவ், என் மருமவனுக்கு இத சின்னது பண்ணணும். அடுத்த ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல கல்யாணம்" என்றார்.

மருமகனாகப் போகிறவர் பங்காருபேட்டை ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. ஊதினால் பறக்கிற உடம்பு. கேப்டன் துரையோ கேஜில் ஏறினால் இன்னும் ஒருவர் ஏற யோசிக்கிற உடம்பு.

"ஏழு ரூபா ஆகும் மேஸ்திரி." ஆறு என்று சொல்ல நினைத்தேன், பயத்தில் ஏழு வந்துவிட்டது.

"ஏழா? கடைத்தெருவுல மிஷின் வச்சிருக்கானே, அவன் மூணு ரூபாய்க்குத் தர்றேன்றான்."

"அப்ப அவருகிட்டயே குடுங்களேன்."

"அவன் மிஷின்ல ஓட்டிப்புடுவான்யா. இது மிஷின் வர்றதுக்கு முன்னால கையால தச்ச கோட்டு. கையாலதான் தைக்கணும். பழைய தையல் எப்படி இருக்குதோ அப்படியே இருக்கணும். கை வச்சதே தெரியக் கூடாது, ஆமா."

"செஞ்சுடலாம்."

"இன்னொண்ணு. கீழ் மடிப்ப மட்டும் தொடாத."

"நீளத்தக் கொறைக்கணுமே?"

"இடுப்புல சுத்திலும் ஒரு தையல் ஓடுதில்ல? அத்தப் பிரி, மேல இருந்து எடு. கீழ போவாத."

சரியான யோசனை. சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரிக்கு இடுப்புத் தையலைப் பற்றி இவ்வளவு சரியான யோசனை எப்படி வந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வந்த கவலை வேறு. ஏழு ரூபாய்க்குப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டாரே, இதில் என்ன கோளாறு என்பதுதான். இரண்டரை ரூபாய் முன்பணம் வைத்துவிட்டுப் போனார். அதையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். நல்ல காசுதான். கவலை இன்னும் அதிகமாயிற்று.

கோட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். மடிப்பே இல்லாமல் தைத்துப் பழகின எனக்கு அது ஒரு பேய் வீடு. மேல்துணிக்குக் கீழே ஒரு முரட்டுத் துணி, அதற்குக் கீழே குதிரை மயிர் கலந்து நெய்த விறைப்பான துணி, அதற்கும் கீழே பஞ்சு, கடைசியில் உள்துணி. பை மட்டும் ஐந்து. கோட்டின் பின்வாலுக்குள்ளே இரண்டு. இதைப் போட்டுக்கொண்டு ஒருவன் சுரங்கக் குழிக்குள் இறங்கிவிட்டு வந்தால் சோதித்து முடிக்க ஒரு ஷிப்டு ஆகும்.

தைத்த ஆளைப் பற்றி அந்தக் கோட்டு நிறையச் சொன்னது. எந்த ஊரோ, எந்தக் காலமோ, என்னைப்போல யாரோ ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்தது. ஒரு தையல் போட்டு, பாதி பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும் பின்தையல். அரிசி அடுக்கினது மாதிரி ஒரே அளவு. கழுத்துப்பட்டைக்கு உள்ளே மட்டும் ஆயிரக்கணக்கில் சாய்வுத் தையல். அதனால்தான் கழுத்து அத்தனை வருஷம் கழித்தும் தலை நிமிர்ந்து நின்றது. ஆனால் கக்கத்துக்கு அடியில், யாரும் பார்க்கப்போவதில்லை என்கிற இடத்தில், தையல் நீள நீளமாக இருந்தது. அங்கே அவருக்குச் சலித்துப்போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாட்டு வேளை. பழைய தையல் அப்படியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆகவே அந்த இடம் வந்ததும் நானும் நீள நீளமாகத் தைத்தேன். இன்னொருவருடைய சோம்பலைக் காப்பியடிக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நூல்தான் பெரிய தொல்லை. கோட்டின் கறுப்பு வெளுத்துப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. புதுக் கறுப்பு நூல் அதன்மேல் சத்தம் போட்டது. கடைசியில், பிரித்த இடங்களிலிருந்து பழைய நூலையே அறுபடாமல் உருவி, தேன்மெழுகில் இழுத்து, அந்த நூலாலேயே தைத்தேன். ஊசியைக்கூடப் பழைய ஓட்டைகளிலேயே இறக்கினேன். ஓட்டை கிடைக்காத இடத்தில் எனக்கு வியர்த்தது.

நடுவில் மாப்பிள்ளை அளவு பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றதும் கொஞ்சம் சதைப்பிடித்த மாதிரி தெரிந்தார்.

"தோள் புடிக்குதுங்களா?"

"புடிக்கல. பயமா இருக்குது. இவ்ளோ நல்லா இருந்தா எங்க ஸ்டேஷன் மாஸ்டர் இன்னா சொல்லுவாரோ."

அவர்மேல் எனக்கு உடனே பிரியம் வந்துவிட்டது. அவர் ஒருமுறை திரும்பினார். பின்வால் இரண்டும் மணி மாதிரி ஆடி, சட்டென்று நேராக நின்றன. என்ன அழகான தொங்கல் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஏன் இப்படித் தொங்குகிறது என்றும் நினைத்தேன்.

அப்புறம் அந்த நாள். சனிக்கிழமை காலை. மறுநாள் கல்யாணம். கோட்டு முடிந்துவிட்டது, இஸ்திரி போடுவதுதான் பாக்கி. சம்சாரம் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக் கொடுத்தாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த மச்சினன் சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அம்மாள் நெருப்பு கேட்டு வந்து, நெருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழ் மடிப்பைத் தொடவில்லை. பெட்டியை மெதுவாக மேலே ஓட்டினேன், அவ்வளவுதான். சூட்டில் பழைய நூல் பட்டென்று விட்டது. மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பை நழுவி, அதிலிருந்து ஏதோ ஒன்று தரையில் விழுந்தது.

சின்னச் சாமான். ஆனால் விழுந்த சத்தம் பெரியது.

பக்கத்து வீட்டு அம்மாள் பேச்சை நிறுத்தினாள். அது அதற்கு முன்னால் நடந்ததில்லை.

புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு வில்லை. மச்சினன் குனிந்து எடுத்து நகத்தால் அழுத்தினான். நகம் பதிந்தது. அவன் முகம் மாறியது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தங்கவயலில் தங்கம் மஞ்சளாக இருக்காது. மில்லில் பாறையை மாவாக இடித்து, தண்ணீரோடு சேர்த்து, பாதரசம் பூசின செப்புத் தகட்டின்மேல் ஓடவிடுவார்கள். தங்கத்தைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும். வழித்து எடுத்துத் துணியில் பிழிந்தால் சாம்பல் நிறத்தில், மெத்தென்று, கனமான உருண்டை. திருடு போவது அதுதான். உருக்கினால்தான் மஞ்சள் வரும். சாம்பல் நிறத்தில் மெத்தென்று கனமாக ஒன்று விழுந்தால் வேறு ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நினைப்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

"மாமா, மில்லுல நான் தெனம் பாக்கிறது இதான். தெரியாம இருக்கட்டும்னு உருண்டைய தட்டையா தட்டி வச்சிருக்கான் தொர" என்றான் மச்சினன்.

"கேப்டன் தொரயா? ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போனவராச்சே" என்றாள் சம்சாரம்.

"அக்கா, கோயிலுக்கு எந்தக் கோட்ட போட்டுக்கினு போனாரு?" என்றான் அவன்.

அதோடு துரை திருடனாகிவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மடிப்பைத் தடவிப் பார்த்தோம். இதுபோல இன்னும் ஐந்து உள்ளே இருந்தன.

"இஸ்திரிப் பெட்டி நெருப்புல போடு மாமா. ரசம் பொகையாப் பூடும். மஞ்சளா நின்னுச்சுன்னா..."

"நின்னுச்சுன்னா இன்னாடா? தங்கம்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா ஜெயிலு. இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம இருக்கிறவனுக்குத் தண்டன கெடயாது."

"அப்படி சட்டத்துல இருக்குதா?"

"எனக்குத் தெரியாது" என்றேன். தெரியாமல் இருக்க ஆரம்பித்துவிட்டேன்.

சம்சாரம், கொண்டுபோய்ப் பாழும் குழியில் எறி என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள், "எறிவானேன்? ஆறு இருக்குது, வீட்டுக்கு மூணு" என்றாள். நெருப்பு வாங்க வந்தவளுக்குப் பாதி பங்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் வாயில்தான் என் தட்டிச்சுவர் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி தூக்கித் தூக்கிப் பார்த்ததும், கீழ் மடிப்பைத் தொடாதே என்றதும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. பெண்ணுக்குப் பத்துச் சவரன் போடுவதாக மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கிருந்து போடப்போகிறார் என்று லைனே கேட்டது. பதில் என் பலகைமேல் கிடந்தது. கல்யாண மாப்பிள்ளையை யார் சோதிக்கப்போகிறார்கள்? கோட்டோடு ரயில் ஏறி பங்காருபேட்டைக்குப் போய்விடும்.

எடுத்தால் மேஸ்திரி கொன்றுவிடுவார். சொன்னால் கம்பெனி பிடித்துக்கொள்ளும். எறிந்தால் ஏழு ரூபாயும் போகும். செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. மச்சினன் கையிலிருந்து வில்லையைப் பிடுங்கினேன். அதே துணிப்பையில் போட்டு, அதே மடிப்பில் வைத்து, அதே நூலில் மிஞ்சியதைக் கொண்டு, அதே ஓட்டைகளில் ஊசி இறக்கித் தைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு தையல் தைத்ததில்லை. பயத்தில் கை நடுங்கும் என்பார்கள். என் கை நடுங்க மறந்துவிட்டது. முடித்துவிட்டுத் தள்ளிவைத்துப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் பெருமூச்சு விட்டு நெருப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் கம்பெனிக் காவல்காரர் லைனைச் சோதிக்க வந்தார். வாரத்துக்கு ஒரு தரம் வருகிற வழக்கம்தான். ஆனால் எனக்கு, அந்த அம்மாள் வாய், ஊரெல்லாம் நின்று பார்க்கத் தட்டி பிய்வது, ஜெயில் சோறு எல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்தன. அவர் பானைக்குள் தடியை விட்டுக் கிளறினார். கோழிக்கூடையைத் தூக்கினார், கோழி கொத்தியது. கடைசியில் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது கேப்டன் தொர கோட்டில்ல?"

"ஆமாங்க."

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோட்டுக்கு நேராக விறைத்து நின்று ஒரு சலாம் வைத்தார்.

"தங்கமான மனுசன்யா" என்றார்.

"ஆமாங்க" என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. நான் கோயிலுக்கு வெளியே, ஓடுவதற்குத் தோதான இடத்தில் நின்றேன். மாப்பிள்ளையைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். காற்று அடித்தது. மணப்பெண்ணின் முக்காடு பறந்தது, பந்தல் துணி பறந்தது, பாதிரியார் அங்கி பறந்தது. கோட்டின் வால் மட்டும் அசையாமல் நின்றது. சாராயக் கடையில் சிரித்தவர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்து, மீதிப் பணம் வந்துவிடும் என்று சைகை காட்டினார்.

வந்தது அவர்தான். பத்து நாள் கழித்து, கோட்டோடும் மருமகனோடும் வந்தார். வந்ததும் தட்டிக் கதவைச் சாத்தினார். நான் பார்த்ததிலேயே விசித்திரமான சண்டை அது. அவருக்குக் கத்த வேண்டும். ஆனால் எதைப் பற்றிக் கத்துகிறோம் என்று வெளியே தெரியக்கூடாது. அத்தனை பெரிய குரலை அடக்கிக் காற்றாக விட்டார். கழுத்து நரம்பு மட்டும் கத்தியது.

"எங்கடா மாத்தின?"

"எத்த மேஸ்திரி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கிறியே. ரெண்ட வெட்டி எடுத்தேன். ஒண்ண பத்தருகிட்ட குடுத்து உருக்கினேன். ஈயம்! அத்தினியும் ஈயம்! தங்கத்த எடுத்துக்கினு ஈயத்த வச்சுத் தச்சுட்டல்ல நீ?"

ஈயம். அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி, ஜெயில் இல்லை. அடுத்து வந்தது மச்சினன்மேல் சந்தேகம். பிடுங்குவதற்கு முன்னால் மாற்றியிருப்பானோ? உடனே, அன்று காலையும் அவன் பீடிக்கு என்னிடம் காலணா வாங்கிப்போனது ஞாபகம் வந்தது. தங்கம் வைத்திருப்பவன் கேட்கிற தொகை இல்லை அது. அப்படியானால் அது என்றைக்கும் ஈயம்தான். துரையைத் திருடனாக்கினோமே என்பது கடைசியாகத்தான் வந்தது.

"நீங்க கீழ் மடிப்பத் தொடாதன்னீங்க. தையலப் பாருங்க" என்றேன், நானும் கிசுகிசுப்பாக. திறந்ததா இல்லையா என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, நல்லவேளை, கேட்கவில்லை.

மடிப்பில் வெட்டாமல் விட்ட நான்கு இடங்களையும் மருமகன் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெட்டின இரண்டிலும் தொங்கின நூல் நுனியைப் பார்த்தார். சரக்கு மூட்டைகளின் முத்திரை உடைந்ததா என்று பார்ப்பதுதான் அவர் தினசரி வேலை. நானும் எட்டிப் பார்த்தேன். ஆறில் எது நான் தைத்தது? நிஜமாகவே தெரியவில்லை. என் தொழிலில் நான் செய்த ஒரே பெரிய காரியம். அதைக் காட்டிப் பெருமைப்பட்டால் தோலை உரிப்பார்கள்.

"மாமா, இது யாரும் கை வச்ச தையல் இல்ல. ஆறும் ஒரே ஆளு, ஒரே நூலு, அந்தக் காலத்துத் தையல். வால் காத்துல பறக்காம இருக்கிறதுக்கு ஈயம் வைக்கிறது வழக்கம்தான் மாமா. நான் மொதல்லயே சொன்னனே. எங்க ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அம்மா பாவாடையிலகூட ஓரம் பூரா ஈயம் இருக்குது."

மேஸ்திரி மெதுவாகத் திரும்பினார்.

"அது உனக்கு எப்படிடா தெரியும்?"

"ரயிலு போறப்ப... பிளாட்பாரத்துல... காத்து அடிக்கும் மாமா. எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும்னா?"

கொஞ்ச நேரம் என் பிரச்சினை யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பிள்ளைக்காக நான் வருத்தப்பட்டேன், ஆனால் குறுக்கிடவில்லை.

மருமகனை விட்டதும் மேஸ்திரி மறுபடி என்னிடம் வந்தார். மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். அதுதான் அவருடைய கோபத்தை இன்னும் கிளப்பியது.

"ஒரு வாரம் கையில வச்சிருந்த. கனம் தெரியல உனக்கு? தொறந்து பாத்து, மேஸ்திரி இது ஈயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இப்ப என் பொண்டாட்டி தன் கழுத்துல கெடந்தத கழட்டிக் குடுத்துட்டு என்ன மொறச்சிக்கினு இருப்பாளா?"

"நீங்கதான தொடக்கூடாதுன்னீங்க?"

"தொடாதன்னா தொடாம உட்டுருவியா? இன்னா தையக்காரன்யா நீ? மடிப்புக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கிற ஆச உனக்கு வராது?"

பதில் என் தொண்டைவரை வந்தது. திறந்துகொண்டது, பார்த்தேன், நானும் தங்கம் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் கூலி கிடைக்கலாம். ஆனால் திறந்தது என்று சொன்ன அடுத்த கணமே மாற்றினவனும் நானாகிவிடுவேன். அவர் நாலு பேரிடம் சொல்வார். ஈயமோ தங்கமோ, என் பெயரும் தங்கம் என்கிற வார்த்தையும் ஒன்றாகக் காவல்காரர் காதில் விழுந்தால் தட்டி நிற்காது. வாயை மூடிக்கொண்டேன். திறக்கவே இல்லை என்று நிரூபணமாகிவிட்ட மடிப்பைத் திறக்காத குற்றத்துக்காகத் தலைகுனிந்து நின்றேன்.

"மீதி நாலரை ரூபா மேஸ்திரி..."

"எதுக்கு?" என்றார். இந்த ஒரு வார்த்தையை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி, தன்னுடைய சொந்தக் குரலில் சொன்னார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மருமகன் பின்தங்கி நின்றார். கோட்டை என் பலகைமேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லையையும், பத்தர் உருக்கிக் கொடுத்த ஒரு கோணல் கட்டியையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இத்த திரும்ப வச்சுத் தச்சுடுங்க. ஒரு பக்கம் கனம் கொறஞ்சு போயி வாலு பறக்குது. ஸ்டேஷன் மாஸ்டர் இப்ப இந்தக் கோட்டப் பாத்துத்தான் என்னை உக்காரச் சொல்றாரு."

கட்டியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினேன். இரண்டையும் துணிப்பையில் போட்டு மடிப்பில் வைத்துத் தைத்தேன். பழைய நூல் தீர்ந்துபோயிருந்தது. புதுக் கறுப்பு நூல்தான். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் தையல் சுமாராகத்தான் வந்தது, எங்கே தைத்தேன் என்று பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் அதைப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றார். எவ்வளவு என்று கேட்டார். நாலணா என்றேன்.

"மாமா கணக்குல சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

சேர்த்துக்கொண்டேன். நாலு ரூபாய் பன்னிரண்டு அணா பாக்கி.